சாக்குக்குள் இருந்தது

வேலந்தாவளம் கால்நடைச் சாவடி.
வியாழன், இரவு பதினொன்றரை.
பொள்ளாச்சிச் சந்தை கலைந்து
லாரிகள் மேற்கே வரும் நேரம்.

மேசைமேல் முத்திரை, மைப்பெட்டி, தெளிப்பு மருந்து.
ரிஜிஸ்டருக்கு அடியில் பி.எஸ்.சி. கைடு:
ஆங்கில மரபுத்தொடர்கள் முந்நூறு,
பொருளோடும் பிறந்த கதையோடும்.
பதவி உயர்வுக்கு இதில் பத்து மார்க்.

கோப்பைக் கட்டிய சிவப்பு நாடா
பிறகு இழுத்தடிப்புக்கே பெயராயிற்றாம்.
எங்கள் ஆபீஸ் நாடா வெள்ளை.
இழுத்தடிக்க நிறம் ஒரு தடையா?

பூனையும் நாயுமாய்ப் பெய்கிறது என்றால் அடைமழை.
ஏன் பூனை, ஏன் நாய்?
கூரைமேல் படுத்திருந்தவை வழுக்கி விழுந்தனவாம்.
அடுத்த வரியிலேயே கைடு சொல்கிறது:
இதற்கு ஆதாரம் இல்லை.
ஆதாரம் இல்லாததற்கும் அரை மார்க் உண்டு.
வெளியே கணவாய்க் காற்று
மழையைப் படுக்கவைத்து இழுத்துப் போகிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி.
வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம்,
பரீட்சையில் இங்கிலீஷ்.
ஒன்றில் கோபப்பட்டு
இன்னொன்றில் மன்னிப்புக் கேட்டுப் பழகிவிட்டது.

திருமூர்த்தியின் லாரி வந்தது.
முப்பத்து நாலு ஆடு. பாதிக்குமேல் கறுப்பு.
கறுப்பு ஆடு: குடும்பத்துக்கு வந்த கேடு,
பக்கம் அறுபத்திரண்டு.
அந்த ரோமத்தில் சாயம் ஏறாது, விலை போகாது.
படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.
"புள்ளியில்லாத கறுப்புக் கிடாய்க்கு
ஆயிரம் கூடங்க ஜசிந்தா மேடம்.
எங்கூரு முனியப்பன் வேற எதையும் தொடமாட்டாரு."
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பொள்ளாச்சியில் செல்லாது.

அப்போதுதான்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
சாக்கு ஒன்று நெளிந்தது.

"என்னது?"
"பூனைங்க. திருச்சூர்ல குடோன் முதலாளி
எலித் தொல்லைன்னு கேட்டாரு."

பூனை. சாக்கு.
நூற்றுப் பதினேழாம் பக்கம் எனக்குள் தானாகத் திறந்தது.
அந்தக் காலத்து ஆங்கிலச் சந்தையில்
பன்றிக்குட்டி என்று சொல்லிச் சாக்கைக் கட்டிக் கொடுப்பார்களாம்.
வீட்டுக்குப் போய் அவிழ்த்தால்
மியாவ்.
ரகசியம் உடைந்தால்
பூனைக்குட்டி வெளியே வந்தது என்பது அதனால்தானாம்.
(இதற்கும் ஆதாரம் போதாது.)

நம் பேப்பர்களில் வாரம் ஒருமுறை வெளியே வருகிறதே அந்தக் குட்டி,
பக்கத்து மேசை சுகுணன் சொல்லும்
"பூச்ச புறத்து சாடி" அதன் கூடப்பிறந்ததோ?
எந்தச் சாவடியில் பெர்மிட் காட்டி
இரண்டு மொழிக்குள்ளும் நுழைந்தது?

"அவிழுங்க."
"மழைங்க மேடம், நனைஞ்சுரும்."
"அவிழுங்க."

முடிச்சு தளர்ந்ததும் ஒரு மூக்கு.
தட்டையாக, ஈரமாக, இரண்டு துளையோடு.
பன்றிக்காய்ச்சல் தடை இருந்த மாதம் அது.
சுகுணன் டார்ச்சைத் தேடுவதற்குள்
என் கால்களுக்கிடையே புகுந்து
மைப்பெட்டியைக் கவிழ்த்து
நீலக் குளம்படி நாலைந்து பதித்து
கிழக்கே, தென்னந்தோப்பு வழியாக,
யார் கையெழுத்தும் இல்லாமல்
தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டது.

"பூச்ச..." என்று தொடங்கிய சுகுணன்
மேலே சொல்லத் தெரியாமல் நின்றான்.

ரிஜிஸ்டரில் விவரம் என்றொரு பத்தி.
சொன்னது பூனை.
வந்தது பன்றி.
இருப்பது சாக்கு.
அபராத ரசீது எழுதும்போது
அந்த ஆங்கிலச் சந்தைக் கதையையும் சொன்னேன்.
திட்டக் கூடாதென்று எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

நனைந்த நோட்டுகளைப் பிரித்து எண்ணியபடி கேட்டார்:
"பன்னின்னு நம்பி வாங்கிட்டுப் போனவன்
அந்தப் பூனையை அப்புறம் என்னங்க பண்ணான்?"

கைடைப் புரட்டினேன்.
அவிழ்த்ததோடு சரி. பிறகு ஒரு வரி இல்லை.

"வளத்திருப்பானுங்க," என்று
அவரே வண்டியைக் கிளப்பினார்.
"எலி எல்லா ஊர்லயும் இருக்கும்ல."