இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
மூன்றாவது ஆல்பத்தோடு அவர்கள் செத்துவிட்டார்கள்.
நான்காவதில் வயலின் வைத்தார்கள்.
ஐந்தாவதில் சமாதானம் பேசினார்கள்.
ஆறாவதை நான் கேட்டதில்லை.
கேட்காமலே திட்ட எனக்கு உரிமை உண்டு.

நிசார் ஒப்புக்கொள்ளமாட்டான்.
மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவன்,
எதையும் கூட்டிக் கழித்து
"நாலாவதுதான்டா முழுசு" என்பான்.
சீசன் முழுக்க அவன் சட்டையில் பழ வாசனை.
அந்த வாசனையோடு ஒருவன்
வயலினுக்கு வக்காலத்து வாங்கினால்
கோபம் வருமா வராதா?

தீர்த்தகிரிக்கு டிரம்ஸ் மட்டும்தான்.
பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கிற கொட்டகையில்
பன்னிரண்டு வருஷம்;
இடது காது போய்விட்டது, வலது பாதி.
அந்தப் பாதியை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்து
"அடிக்கிறான்யா" என்பான்.
அதற்கு மேல் விமர்சனம் கிடையாது.

என் கேசட், தொண்ணூற்று மூன்றில்
ஓசூர் பஸ் பிடித்து பெங்களூர் போய்
இருபத்தைந்து ரூபாய்க்குப் பதிவு செய்து வாங்கியது.
அறுபது நிமிஷ நாடா.
மூன்றாவது ஆல்பம், இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு.
பாடுகிறவன் கதவுவரை வருகிறான்.
"நான் இன்னும்" என்கிறான்.
டக்.

அந்த டக்குக்காக
எத்தனை பேரைப் பகைத்திருக்கிறேன்!
ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில்,
கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்த அன்று
தண்ணீருக்கு மேலே கத்தி,
நிசாரின் நிக்காஹ் பந்தியில் பிரியாணி ஆறும்வரை.
வாக்கியத்தின் நடுவிலே வெட்ட
எவனுக்கு வரும் அந்தத் துணிச்சல்?
முடிக்கத் தெரிந்தவன்டா, முடிக்கத் தெரிந்தவன்.

போன ஆடியில்
எலத்தகிரி டேவிட் ஆரோக்கியம்,
கோயிலில் கிட்டார் வாசிக்கிறவன்,
அசல் இசைத்தட்டைக் கொண்டுவந்தான்.
பழையபேட்டை, நிசார் வீட்டு மாடி.
கரன்ட் வந்ததும் ஊசியை வைத்தான்.
கதவுவரை வந்தான் பாடகன்.
"நான் இன்னும்" என்றான்.
நான் டக்குக்குக் காத்திருந்தேன்.
"போகவில்லை" என்றான்.

போகவில்லை.
அதற்கப்புறம் நாலு நிமிஷம்.
கிட்டார் ஒவ்வொரு படியாக இறங்கி,
யாரோ ஒருத்தி முனகி,
அப்புறம்,
அட கடவுளே,
வயலின்.

நிசார் சிரித்திருந்தால் பரவாயில்லை.
சிரிக்காமல் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நாடா தீர்ந்துபோயிருக்கும்ணா" என்று
டேவிட் தன்மையாக விளக்கினான்.
இது வேற பதிப்பு என்றேன்.
போலித் தட்டு என்றேன்.
டேவிட்டின் கோயில் கிட்டாரைப் பற்றிச்
சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னேன்.
நிசாரின் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பத்து மாசம்.
செருப்பைத் திருப்பித் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.
மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே
மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.
எல்லா வாதத்திலும் ஜெயித்தேன்.

நேற்று தீர்த்தகிரி கடைக்கு வந்தான்,
முடியெல்லாம் கல் மாவு.
"அன்னிக்கு எதுக்குடா சண்டை?" என்றான்.
சொன்னேன், அவன் காதுக்கு எட்டும்படி,
தெருவே திரும்பிப் பார்க்கும்படி.
"அதுக்கப்புறம் பாட்டு இருந்துச்சா?
டிரம்ஸ் நின்னுடுச்சேடா.
எனக்கும் அங்கயே முடிஞ்சுடுச்சு."

ராத்திரி கேசட்டைப் போட்டேன்.
நான் இன்னும். டக்.
அப்புறம் பைபாஸில் சேலம் லாரிகள்,
எப்போதும்போல,
ஒன்றன்பின் ஒன்றாகக் கியர் மாற்றிக்கொண்டு.

நான்காவதில் வயலின் தப்புதான்.
மூன்றாவதில் இருப்பதைப் பற்றி
இன்னும் முடிவு செய்யவில்லை.
நிசாருக்குப் போன் போட்டேன்.
ஆலை இரைச்சல், மாங்காய் வந்து இறங்குகிற நேரம்.
"ஆறாவது எப்படிடா இருக்கும்?"
"மட்டம்" என்றான்.
"செருப்பை எடுத்துட்டு வா."