ஸ்ப்ரூஸ் பகுதி

சுரங்கத்தின் கழிவு மேட்டில் ஊரார் வளர்த்த காடு.
மூன்று ஏக்கர், ஒரு வாய்க்கால்,
துருவேறிய பாதித் தண்டவாளம்.
பிர்ச் மரங்கள் யாரும் அழைக்காமல் வந்தவை.
ஓக்கும் ஸ்ப்ரூஸும் நாங்கள் வைத்தவை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
கேட்டருகே டெகிட், ஹெலெத், நான்.
பென்சில்தான்; வேல்ஸ் மழையில் மைக்கு ஆயுள் இல்லை.
ராபின் நாலு. கரும்பறவை இரண்டு.
ரென் ஒன்று: உடம்பு கட்டைவிரல் அளவு,
வசவு மட்டும் ஆள் உயரம்.

மேலே பறந்துபோகும் காகத்தைச் சேர்க்கலாமா என்று
ஒரு மார்ச் முழுக்கச் சண்டை.
கிளையில் கால் வைத்தால்தான் குடியுரிமை என்றார் டெகிட்.
அன்றே அவர் தொப்பியில் அது எச்சமிட்டது.
சேர்த்துக்கொண்டோம்.

காட்டை மூன்றாகப் பிரித்ததில்
ஸ்ப்ரூஸ் என் பங்கு.
பொற்கொண்டைக் குருவி அங்கேதான்.
இந்தப் பட்டியலை எழுதும்
ஒற்றைத் தாளின் கனம்தான் அதற்கு.
முதல் வருடம் ஒன்பது.
பிறகு ஆறு. பிறகு இரண்டு.
மூன்று வருடமாகப் பூஜ்யம்.

ஆண்டறிக்கையில் நானே எழுதினேன்:
கடுங்குளிர் காரணமாகலாம்,
வரிசையில் மரம் வெட்டி இடைவெளி விட்டதும் காரணமாகலாம்.
வாசித்தபோது
எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

இந்த நவம்பரில் வாய்க்கால் உடைந்து
ஹெலெத்தின் பாதை மூழ்கியது. என்னோடு வந்தாள்.
ஸ்ப்ரூஸ் அடியில் நின்று,
"எழுதலையா, கெதின்?" என்றாள்.
"எதை?"
விரல் மேலே போனது.
"இவ்வளவு கத்துதே. நாலு, இல்ல அஞ்சு."

எனக்குக் கேட்டவை:
அவள் மழைக்கோட்டின் சரசரப்பு,
வாய்க்கால்,
தூரத்துச் சாலையில் கியர் மாற்றும் லாரி.

முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில்
தகரத்துக்கு ரிவெட் அடித்தேன்.
காதின் உச்சிப் படி எந்தத் தேதியில் கழன்றது என்று
எந்தத் தாளிலும் குறிக்கவில்லை.

பைனாகுலரில் தேடிப் பிடித்தேன்.
நுனிக் கிளையில் தலைகீழாய்,
உச்சந்தலையில் மஞ்சள் கீற்று.
அலகு திறந்தது, மூடியது, திறந்தது,
ரயில் கிளம்பிய பிறகு
ஜன்னலுக்குள்ளிருந்து ஏதோ சொல்கிறவர் போல.
ஹெலெத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அவ்வளவு நாகரிகமாக.

பழைய பூஜ்யங்களை அழிக்கவில்லை.
ரப்பர் பையில்தான் இருந்தது.
ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்,
கேட்டது யார் என்று.
பொற்கொண்டை ஐந்து: ஹெலெத்.
பார்த்தது ஒன்று: நான்.

மரமேறிக் குருவியின் பக்கத்திலும்
எண்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன.
அதன் குரலும் மெல்லிசு.
டிசம்பர் ஞாயிறுக்கு டெகிட்டைக் கூப்பிட வேண்டும்.
இன்னும் கூப்பிடவில்லை.