மூன்று சென்டிமீட்டர்

டை அடிக்கக் கூடாது என்று
முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.
சாயம் பூசிய மயிர் சாட்சி சொல்லாதாம்.
ஆகவே இந்த வருடம்
ஹாகன் நகரமே பார்க்க நரைத்தேன்.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.
மூன்று இருந்தால், மூன்று மாதம்
நான் குடித்ததும் குடிக்காததும்
அதில் எழுதியிருக்கும் என்கிறாள் ஆய்வுகூடப் பெண்.
பிடரிக்கு மேலே பென்சில் தடிப்பில் ஒரு பிடி.
நூலால் கட்டி, வெட்டி,
வெள்ளித்தாளில் சுற்றுகிறாள்.

சுகிர்தா எனக்கு மொட்டை நேர்ந்திருந்தாள்,
ஹம் அம்மன் கோயிலில்.
லைசென்ஸ் கிடைக்கட்டும், பிறகு என்றேன்.
"அம்மனுக்கு முதல் லேப்போ?"
அம்மன் பொறுப்பாள். லேப் பொறுக்காது.

வியாழன் மாலை வகுப்பு.
பல் வைத்தியருக்கு மேல்மாடி, ஐந்து கதிரை.
கூரை வேயும் டெட்லெஃப்.
ஒரு கையை மறு கையால் பிடித்தே இருக்கும் நர்ஸ் ஸ்வான்யெ.
லொறி ஓட்டிய மிர்சாத்.
சைக்கிளில் பிடிபட்ட ஒரு பெடியன்.
எத்தனை குடித்தீர்கள் என்று முதல் நாள் கேட்டதற்கு
எல்லாரிடமும் ஒரே விடை: இரண்டு.
இரண்டு பியர். இரண்டு கிளாஸ் வைன்.
எனக்கும் இரண்டு.
ஒஸ்தர்காம்ப் அம்மா பலகையில் கணக்குப் போட்டார்.
என் இரத்தத்தில் ஒன்று தசம் ஒன்பது வருவதற்கு
இரண்டு, பதினொன்றாக வேண்டியிருந்தது.
பேனை கீச்சிட்டது.

என் கதையை நான் வடிவாகச் சொல்லுவேன்.
மச்சானின் மகளுக்குச் சாமத்தியவீடு, டோர்ட்முண்ட் மண்டபம்,
தரிப்பிடத்தில் டிக்கி திறந்த கார்,
பிளாஸ்டிக் கப், விஸ்கி, ஆட்டிறைச்சிப் பிரட்டல்.
'ஒன்று' என்று கூப்பிட்டால்
ஒன்றோடு விடுகிற ஆட்களா நாங்கள்?
பிறகு வளைவு. பிறகு மஞ்சள் தபால்பெட்டி.
அது பிளந்து, கடிதங்கள் மழையில் பரவி,
யாருடைய காதலையோ நனைத்துவிட்டேன் என்பேன்.
இந்த இடத்தில் சிரிப்பார்கள்.
டெட்லெஃப் சிரித்தான்.

ஒஸ்தர்காம்ப் அம்மா தாளைப் புரட்டினார்.
"பின் இருக்கையில்?"

இருபது வருட டொச் தொண்டையில் நின்றது.

சிறுவர் இருக்கை, ஒன்று.
பொலிஸ் அறிக்கை, நாலாம் வரி.
மண்டபம் கூட்ட நின்ற சுகிர்தா
பிள்ளைக்கு நித்திரை, யாரையாவது ஓட்டச் சொல்லுங்கோ என்றாள்.
எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.
வெள்ளைக் காலுறை. கையில் பலூன் நூல்.
மோதியபோதும் அவள் விழிக்கவில்லை.
அவள் விழிக்காத அந்த நிமிடத்தில்
நான் பின்னால் திரும்பிப் பார்க்கப் பயந்து
முன்னால் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதை டொச்சில் சொன்னேன்.
தமிழில் இன்னும் இல்லை.

கடைசி வெட்டுக்கு முந்திய இரவு.
குளியலறையில், பள்ளிக்கூட அடிமட்டத்தை
என் பிடரியில் வைக்கிறாள் மகள்.
"அசையாதீங்கோ அப்பா."
எவ்வளவு?
"இரண்டு."
நல்லாப் பார். சலூன்காரன் கூட வெட்டிப்போட்டான்.
அடிமட்டம் குளிர்கிறது.
அவள் மூச்சு காதில் படுகிறது.
"இரண்டுதான் அப்பா."

அவள் சொன்னால் இரண்டுதான்.
இன்னும் ஒரு மாதம் பஸ்ஸில் போகலாம்.