கடைசிக் கைகுலுக்கல்

சர்வர் இருப்பது ஹெல்சிங்கியில்.
நான் இருப்பது ரஷ்த் நகரத்தில்,
மருந்துக்கடையின் பின்னறையில்,
இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே.
வாடகை மாதம் நாலு யூரோ.
என் வங்கி அட்டையை வெளியே யாரும் வாங்குவதில்லை;
யெரெவானிலிருந்து வாஹே கட்டுகிறான்.
பதிலுக்கு அவன் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை
மாதாமாதம் என் கையால் போகிறது.
யாருக்கு யார் கடன் என்று
இருவரும் கேட்டதில்லை.

முதல் இரவு பதினொரு முறை தோற்றேன்.
தீச்சுவரின் விதி ஒன்றைத் தப்பாக எழுதி
என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.
உள்ளே விளக்கு எரிய, சாவியும் உள்ளேயே கிடக்க,
நான் மழையில் நின்றேன்.
ரஷ்த்தில் அன்று மழை பெய்துகொண்டுதான் இருந்தது.
அந்த வரி உவமை இல்லை.

எல்லாவற்றையும் அழித்து, மறுபடியும்.
விடிகாலை நாலே காலுக்குக் கைப்பேசியில் வானிலை வந்தது:
ஹெல்சிங்கி, மைனஸ் ஒன்பது, லேசான பனி.
ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு மரம் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் சிரித்த சத்தத்தில் ஃபரங்கிஸ் எழுந்து வந்து
"பைத்தியமா உனக்கு?" என்றாள்.
முதல் சாவி அவளுக்கு.

சாவி என்றால் நாற்பத்து நாலு எழுத்து,
கடைசியில் ஒரு சமக்குறி.
எதற்குச் சமம் என்று சொல்லாத சமக்குறி.

காதும் காதும் வைத்த மாதிரி என்றுதான் ஆரம்பித்தேன்.
இரண்டு காதோடு எந்தச் சேதி நின்றிருக்கிறது?
எண் மூன்று, டயர் கடை அர்தலான்:
கியர்பெட்டி பிரிக்கும் வீடியோக்களுக்கு.
எண் நான்கு, மஹ்லகா கானும்:
மால்மோவில் மகன் சோறு கருக்குவதைப்
பார்த்துக்கொண்டே திட்டுவதற்கு.
ஐந்தும் ஆறும் ஒரே வீடு;
கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்து
"அங்கே சொல்லிவிடாதே" என்றார்கள்.

எண் ஏழு, மூன்றாம் மாடி தர்லான்.
நீரியல் படிக்கிறவள்.
ஏரி வற்றும் வரைபடங்களை இறக்க வேண்டும் என்றாள்.
கோப்பில் பெயர் எதற்கு, எண் போதாதா என்றாள்.
அன்று இரவே எல்லோருடைய பெயரையும் எடுத்தேன்.
பதிவேட்டையும் நிறுத்தினேன்.
தெரியாததை எப்படிச் சொல்வேன்,
யார் வந்து எப்படிக் கேட்டாலும்?

ஒரு பத்தியை மட்டும் விட்டுவைத்தேன்:
கடைசிக் கைகுலுக்கல், எவ்வளவு நேரம் முன்.

குளிர்காலத்தில் ஒன்பது நாள் வலை அறுந்து கிடந்தது.
பிறகு ஒவ்வோர் எண்ணாகத் திரும்பி வந்தது.
அர்தலான், முப்பது விநாடி.
கானும், இரண்டு நிமிடம்.
ஏழு, பத்து நாள்.
ஏழு, இருபத்தாறு நாள்.
ஏழு, நாற்பத்தொரு நாள்.
மூன்றாம் மாடிக் கதவிடுக்கில் இரண்டு தண்ணீர் ரசீது.
"லைப்சிக் போய்விட்டாள்" என்றார் வீட்டுக்காரர்,
என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி.
போயிருக்கலாம்.
போனவர்களுக்கு இந்த வழி வேண்டியதில்லை.

ஒரு வரியை நீக்க மூன்று விநாடி.
மூன்று இரவு விரலை வைத்து எடுத்தேன்.

நேற்று இரவுப் பணி. மணி இரண்டு ஐம்பது.
இன்சுலின் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது.
எண் ஏழு: ஆறு விநாடி முன்.
வந்தது நூற்றெண்பது பைட்.
போனது தொண்ணூற்றிரண்டு.
நீ யார், நான் இன்னார், சரி.
அவ்வளவுதான் அதில் அடங்கும்.
பிறகு ஒன்றுமில்லை.

குலுக்கியது யார் கை?
அவள் கைப்பேசி அவள் கையில்தானா,
அல்லது ஒரு மேசைமேல், காகித உறையில், எண் ஒட்டிய பொருளாக?
எந்த முகவரியிலிருந்து என்று காட்டும் கட்டளை எனக்குத் தெரியும்.
முழுவதும் அடித்தேன்.
பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.
தெரிந்தால் என்னிடம் இருக்கும்.
அடித்ததை எழுத்தெழுத்தாகப் பின்னால் தின்றேன்.

விடிவதற்குள் மற்ற ஐந்து பேரையும்
வேறு இயந்திரத்துக்கு, புதுச் சாவிக்கு மாற்றினேன்.
அர்தலான் அரைத்தூக்கத்தில் கெட்ட வார்த்தை சொன்னான்.
பழைய சர்வரில் இப்போது ஏழு மட்டும்.

வாஹேவுக்கு எழுதினேன்:
இனி இரண்டு வாடகை.
பழையதற்கு ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடு.
அம்மாவுக்கு இருபத்தைந்து மில்லிகிராமா, ஐம்பதா?
சீட்டைப் படமெடுத்து அனுப்பு.