நாற்பத்தொரு கிலோ

தானே புயல் அடித்த வாரம் பிறந்தவன் செழியன்.
முதன்முதலில் தூக்கியபோது பதினொரு கிலோ,
அரிசிச் சிப்பத்தில் பாதிகூட இல்லை.
இந்த ஜூனில் ரேஷன் கடைத் தராசில்
உட்கார்த்திப் பார்த்தாளாம் அவன் அம்மா.
நாற்பத்தொன்று.
தேறிட்டான் டீச்சர், என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
எக்ஸ்ரேயில் வட்டம் போட்டுக் கொடுத்த எலும்பு
தனியே ஒரு கணக்குப் போட்டது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறாய் என்று
யாரும் கேட்டதில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை நானே எண்ணினேன்.
வேனிலிருந்து இறக்க ஒன்று.
சாய்தளம் இருக்கிறது, பார்வையிட வந்தவர்களுக்காகப் போட்டது,
அதில் நாற்காலியை ஏற்றினால்
பின்னுக்கு வந்து நம் முழங்காலைக் கேட்கும்.
அதனால் படியில் ஒன்று.
பாய்க்கு, பாயிலிருந்து கழிவறைக்கு,
நனைந்த கால்சட்டையோடு மறுபடி கழிவறைக்கு,
சோற்றுக்கு, சோற்றைக் கக்கினால் குழாயடிக்கு.
பதினாலில் எண்ணிக்கை விட்டுப்போனது.
தமீமா ஜன்னல் கம்பியில் தலையை இடிக்கத் தொடங்கியிருந்தாள்.
கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவே
உள்ளங்கையை வைக்க ஓடினேன்.

முன்பெல்லாம் இரண்டு பேர்.
தோளுக்கு நான், காலுக்கு அஞ்சலாட்சி.
தூக்குமுன் ஒரு சத்தம் கொடுப்பாள்,
வலை இழுக்கிற வீட்டிலிருந்து கொண்டுவந்த சத்தம்,
பாதி எடை அதிலேயே குறையும்.
பதினெட்டு வருஷம் ஆயா வேலை.
அடி இறங்கிவிட்டது அவளுக்கு.
துணி வைத்துத் தள்ளிக் கட்டிக்கொண்டு
ஆறு மாதம் வந்திருக்கிறாள்,
என்னிடம்கூடச் சொல்லாமல்.
இப்போது தேவனாம்பட்டினத்தில்
குந்த முடியாமல் நின்றபடி மீன் அரிகிறாளாம்.
அவள் இடத்துக்கு ஆள் கேட்டு மூன்று கடிதம் போயிற்று.
பரிசீலனையில் உள்ளது.
அந்தச் சத்தத்தை நான் தனியே கொடுத்துப் பார்க்கிறேன்,
எனக்கு வருவதில்லை.

கடித்தது ஆடி மாதம்.
தெருவில் சாவு மேளம், சரம் சரமாக வெடி.
செழியனுக்குக் காதுக்குள் தீ.
வெடிக்கும் அவன் வாய்க்கும் நடுவே
என் கை இருந்தது,
அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் வயசு குறைந்த டாக்டர்.
பல் வரிசையைப் பார்த்தார்.
பழைய நகக்கீறல், மஞ்சளாகிப்போன கன்றல்
எல்லாம் பார்த்தார்.
என் வீட்டுக்காரரை வெளியே நிற்கச் சொன்னார்.
குரலைத் தணித்து, பயப்படாதீங்கம்மா, யாரு செஞ்சது?
பாவம் அந்த மனுஷன்,
என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு
பிடிபட்டவன் மாதிரி வாசலில் நின்றார்.
வேலையில, என்றேன்.
அப்படி என்ன வேலை, என்றார் டாக்டர்.

ஊசி போடும் வரிசையில்
எனக்கு முன்னும் பின்னும் நாய்க்கடி.
உனக்கு எந்தத் தெரு நாய்ம்மா, என்றாள் ஒருத்தி.
வாய் தவறவில்லை, யோசித்துத்தான் சொன்னேன்:
புதுப்பாளையம்.
செழியன் என்று சொல்லியிருந்தால்
அவர்கள் அவனைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும்.
சொல்லாமல் விட்டதில் அவன் நாயானான்.

மறுநாள் பள்ளியில் ஒரு படிவம்.
விபத்து நடந்த இடம் என்ற கோட்டில்
பென்சிலால் லேசாக எழுதியே கொடுத்திருந்தார்கள்: வீடு.
அதன் மேல் பேனாவை ஓட்டினால் போதும்.
புள்ளி மேல் எழுதப் பிள்ளைகளுக்குக்
கை பிடித்துச் சொல்லித்தருகிறவள் நான்.
தொகுப்பூதியம்.
ஓட்டினேன்.

வேன் வந்தது.
இடுப்பு பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.
கட்டுப்போட்ட கையைச் செழியன் பார்த்தானா தெரியவில்லை.
அவன் பார்வை எங்கே நிற்கும் என்று
பத்து வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.
ஆனால் நான் குனியுமுன்னே
வலது கையை அவனே தூக்கி
என் கழுத்துப் பக்கம் நீட்டினான்.
இரண்டு கிலோ இருக்கும் அது.

மீதிக்கு டிரைவர் பரந்தாமனைக் கூப்பிட்டேன்.
இதெல்லாம் என் வேலையில்ல டீச்சர்,
என்று சொல்லிக்கொண்டே
கால் பக்கம் போய் நின்றார்.