தள்ளி வைத்த கத்தரிக்காய்

நாலு நாளாய் விடாத ஐப்பசி.
அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில்
என் பழைய சேலையிலிருந்து கிழித்த
இருபத்து மூன்று துண்டுகள்.
ஒன்றாவது காய்ந்திருக்குமா என்று
கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறேன்.
காய்ந்ததாகவும் படுகிறது, ஈரமாகவும் படுகிறது.
அதற்கடியில் தலை குனிந்து
அடுப்படிக்குப் போகிறான் தணிகைவேல்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஆட்டுத்தோலில் தழும்பு எங்கே என்று
விளக்கடியில் தேடி, விலக்கி வெட்டுகிற கை.
அதே பார்வையோடு
பூண்டுப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
"ஏன்யா, அதுவும் எக்ஸ்போர்ட்டா?" என்றேன்.
சிரிக்கவில்லை.
நாற்பது பல் எண்ண வேண்டும் அவனுக்கு.

அம்மா ஆரணியில்,
கால்கட்டோடு கட்டிலில்.
சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து நிற்கிற போனில்
அவள் முகத்தில் பாதி.
"மொளகு வெடிக்கணும். இன்னும். இன்னும்.
திப்பிலி போட்டியா? கருக வுட்டுடாத.
இப்ப இன்னா நெறம் தெரியுது?"
"உங்க மூக்குதான் தெரியுது அத்தே."

மருந்துக் குழம்பு கொதிக்கிறது.
நல்லெண்ணெய் பிரிந்து ஓரமாய் ஒதுங்குகிறது.
வாசம் மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்குகிறது.
இருபத்தொன்பது நாளாய்
இதே கறுப்பு, இதே காரம்,
வேறு வேறு பெயரில்.

பூசணி குளிர்ச்சி.
மாங்காய் வயிற்றுவலி.
கத்தரிக்காயென்றால் கரப்பான்,
பேரைச் சொன்னாலே பிள்ளைக்குச் சிரங்கு வரும்
என்கிற மாதிரி சொல்வாள் அம்மா.
நான் தின்பதைத்தான் இவள் குடிக்கிறாள்.
ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.
இவளோ, இன்னும் பேர் வைக்காத இவள்,
வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறாள்.

கீழ்வீட்டு மெஹருன்னிசா அக்காவுக்கு
இந்தப் பட்டியலெல்லாம் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு
எள்ளும் வேர்க்கடலையும் புளியுமாய்
எண்ணெய்க் கத்தரிக்காய் வதங்கும் வாசம்
கதவைத் தட்டாமல் படியேறி வரும்.
ஜன்னலைச் சாத்துவேன்.
பிறகு ஒரு விரற்கடை திறந்து வைப்பேன்.

நேற்று சாயங்காலம்
ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்தவன்
பையிலிருந்து வெங்காயத்தைக் கொட்டினால்
கூடவே உருண்டது
அரைக்கிலோ முள்ளுக் கத்தரிக்காய்.
"இலவம்பாடிக் காய்.
மழைல வாங்க ஆளே இல்ல, பாவம் அந்தம்மா…
மறந்தே பூட்டேன்."
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
போலீஸ் வந்த வீட்டில் நிற்பதைப் போல.

"கீழ குடுத்துடட்டா?"
"ஆக்கு."
"நீ?"
"நீ தின்னு. எதிர்ல ஒக்காந்து தின்னு."

காம்பின் முள் குத்திய விரலை
வாயில் வைத்துக்கொண்டே நறுக்கினான்.
தாளிக்கும்போது கரண்ட் போனது.
அடுப்பின் நீலத்தில் வதக்கினான்.
வெண்ணெயாய்க் குழைந்துவிட்டதென்று
கரண்டிச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.
பாப்பாவை மாரில் போட்டுச் சுவரில் சாய்ந்தேன்.
முதல் கவளம் அவன் வாய்க்குப் போவதை
எச்சில் விழுங்காமல் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"
மென்றான். யோசித்தான்.
"உப்பு பத்தல."

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.
குலுங்கியதில் பால் தவறி
இவள் முகம் சுளித்தாள், அப்படியே அப்பன் ஜாடை.

விருதம்பட்டு முழுக்க இருட்டு.
மழை கொஞ்சம் அடங்கியிருந்ததால்
பாலத்துப் பக்கமிருந்து ஜனப் பேச்சு கேட்டது.
பாலாற்றில் தண்ணி வந்திருக்கிறதாம்,
வண்டிகளை நிறுத்தி எல்லோரும் பார்க்கிறார்களாம்.
"நாப்பது கழியட்டும், மூணு பேரும் போவலாம்."
"அதுவரைக்கும் இருக்குமா?"
"எது, தண்ணியா, கத்தரிக்காயா?"

கேட்டுவிட்டுத் தட்டோடு எழுந்தவன்
கொடிக்குக் குனிய மறந்துபோனான்.
இருட்டில் சளப்பென்று ஒரு சத்தம்.
"இது காயல," என்றான்,
துணிக்குள்ளிருந்து.