நான்காவது பூச்சு

சுவருக்கு வெள்ளை போதும் என்பவன் நான்.
இருபது வருடமாக கிளைபேடாவில்
மற்றவர் வீடுகளை வெளுப்பதுதான் பிழைப்பு.
துறைமுகத்துப் பக்கம், ஐந்தாம் மாடி,
ரிம்கைலே அழைத்தபோதும்
இரண்டு வாளி வெள்ளையோடுதான் படியேறினேன்.

அவள் சுவரில் ஏழு கட்டங்கள் தீட்டி வைத்திருந்தாள்,
பள்ளிக்கூட வரைபடத்தில் ஏழு சின்ன நாடுகள் போல.
ஒன்று கேரட், கூச்சல் போட்டது.
ஒன்று காய்ந்த ரத்தம்.
ஒன்று பல் வைத்தியரின் நாற்காலி.
"இப்போது பார்க்காதீர்கள்," என்றாள்.
"நான்கு மணிக்கு இருட்டட்டும்.
விளக்கைப் போட்டு, கோட்டைக் கழற்றி,
பசியோடு பாருங்கள்."

பார்த்தேன்.
ஐந்தாவது கட்டம் மட்டும்
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி
சூட்டை விடாமல் வைத்திருந்தது.
சுடுமண்.
டப்பாவில் அதற்கு வெறும் எண்தான்.

அறை சிறுத்துப்போகும் என்றேன்.
தொழில் தெரிந்தவன் சொல்லியாக வேண்டியது அது.
அவள் சிரித்தாள்.
"நான் கிரேன் ஓட்டுகிறவள்.
நாள் முழுக்க நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டில் தொங்குகிறேன்.
கடலும் சாம்பல், வானமும் சாம்பல்,
நடுவில் எங்கே தைத்தார்கள் என்றே தெரியாது.
சிறுக்கட்டும்.
கை நீட்டினால் சுவர் தட்டுப்பட வேண்டும்."

ஈரத்தில் அந்த நிறம் பொய் சொல்லும்.
பூசும்போது கறுத்தது, காயும்போது திட்டுத் திட்டாக வெளுத்தது,
இரண்டாம் நாள்தான் தன் முகத்துக்கு வந்தது.
ஜனவரியில், குழாய்க்குப் பின்னால் விட்டுப்போன ஓரத்தை முடிக்க
மறுபடி போனேன்.
சாயம் போடாத லினன் திரை, மூங்கில் கூடை விளக்கு,
பழைய கடையில் வாங்கிய ஒற்றை மர நாற்காலி.
எல்லாமே அந்தச் சுவரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தன.
வேலை பத்து நிமிடம்.
தேநீர் குடித்து நான் எழுந்தபோது மணி ஏழு.

மூன்று வருடம் கழித்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.
அவள் போய்விட்டாளாம், ரோட்டர்டாமுக்கோ எங்கேயோ.
ஒப்பந்தத்தில் வெள்ளை என்று இருக்கிறது,
அவள் முன்பணத்தில் கழித்துக்கொள்கிறேன், அடித்துவிடு.
"எவன் பூசினான் இந்தச் சாணி நிறத்தை?" என்றார்.
நான் வாளி மூடியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன்.

முதல் பூச்சு: சுவர் வெட்கப்பட்டது.
இரண்டாவது: காய்ச்சல் விட்ட குழந்தையின் கன்னம்.
மூன்றாவது காய்ந்ததும் வெள்ளை,
பகலில் எவரும் குறை சொல்ல முடியாத வெள்ளை.
நான்கு மணிக்கு விளக்கைப் போட்டேன்.
கோட்டைக் கழற்றியிருந்தேன். பசியும் இருந்தது.

அடியிலிருந்து மெல்ல வந்தது.

நான்காவது பூச்சுக்கு வாளியில் பாதி மிச்சம்.
உருளையை நனைத்துவிட்டேன், பிடி கையில்,
அப்போதுதான் புது வாடகைக்காரப் பையன்
சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான்.
காலணியிலிருந்து பனிச்சேறு சொட்ட நடுவறையில் நின்று
"ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா?" என்றான்.
குழாயைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.
மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

பில்லில் மூன்று பூச்சு என்று எழுதினேன்;
கழியப்போவது அவள் பணம்.
உருளையைக் கழுவினேன்.
மூடியைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி
இறுக்கினேன்.